ஜாடியைத் தொட்டது யார்

மே 8, வியாழன். விருத்தாசலம்

அக்னி நட்சத்திரம், ஐந்தாம் நாள். மின்விசிறிக் காற்றே சுடுகிறது. மதியம் பெட்டி கட்டினேன்.

ஸ்வெட்டர் 2. சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை. புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில். பருப்புப் பொடி. நோட்டு 2. நானே தயாரித்த ஊர்க்குறிப்புகள், 41 பக்கம்.

இத்தாலி, பெருஜியா மாவட்டம். பத்து நாள். பழைய மலைக்கிராமங்கள், பட்டறைகள்.

பொய் எழுதக் கூடாது என்றுதானே நாட்குறிப்பு. ஆகவே: அழைப்பு எனக்கு இல்லை. என் தங்கை தனத்தின் கணவன் ஏழுமலைக்கு (இனி ஏ.). அச்சு இல்லாமல் வெறும் கையால் அவன் பொம்மை பிடிப்பதை யாரோ வீடியோ எடுத்துப் போட, அங்கே ஒரு மண்பாண்டச் சங்கம் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறது. கூடவே ஆங்கிலம் தெரிந்த துணை ஒருவர். அந்தத் துணை நான்.

செராமிக் டிப்ளமோ. பிறகு அஞ்சல் வழியில் எம்.ஏ. வரலாறு. இருபத்தேழு வருடமாகப் பீங்கான் இன்சுலேட்டர் கம்பெனியில் தரப் பரிசோதனை. எனக்கு ஒன்பது வருடம் பின்னால் சேர்ந்தவன் இன்று எனக்கு மேனேஜர். லீவு கேட்டேன். "இத்தாலிக்கா? நீங்களா சார்?" அந்த "நீங்களா"வை நான் மறக்கப் போவதில்லை.

மாலை தனம் ஃபோன். "ண்ணா, அவருக்கு ஒண்ணும் தெரியாதுண்ணா. கைய புடிச்சே கூட்டிக்கிட்டுப் போ."

பதினாலு வருடத்துக்கு முன், சூளையில் சரக்கு அடுக்கிக்கொண்டிருந்தவனை, எட்டாவதோடு நின்றவனை, அவளாகப் பார்த்துக் கட்டிக்கொண்டாள். நான் பார்த்து வைத்திருந்தது கருவூலத்தில் வேலை செய்யும் பையன். கல்யாணத்துக்கு நான் போகவில்லை. நாளாவட்டத்தில் பேச்சுவார்த்தை வந்துவிட்டது. மாப்பிள்ளை என்று மட்டும் அவனை நான் கூப்பிட்டதில்லை.

மே 11, ஞாயிறு. தெரூத்தா

தூறல். பன்னிரண்டு டிகிரி. ஸ்வெட்டர் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று.

குன்றின் மேல் ஊர். எங்கும் பீங்கான். வீட்டு எண் பீங்கான், தெருப்பெயர் பீங்கான், கோயில் சுவரில் வேண்டுதல் ஓடுகள். மாடு முட்டியவன், மரத்திலிருந்து விழுந்தவன், பிழைத்தவர்கள் எல்லாரும் ஓட்டில் படமாக. நம் ஊரில் மண்குதிரை நேர்ந்து விடுவது போல.

சில்வானா. சங்கத்தின் செயலாளர், அறுபது இருக்கும். நரைத்த தலை, வேகமான ஆங்கிலம், வேனும் அவரே ஓட்டுகிறார். எங்களோடு போர்ச்சுகல் நாட்டுப் பெண் ஒருத்தி, அவளும் பொம்மைக்காரி.

ஏ. ஃபோனில் மொழிபெயர்ப்பு ஆப் ஒன்று வைத்திருக்கிறான். தனம் ஏற்றிக் கொடுத்ததாம். "நான் இருக்கும்போது அது எதுக்கு?" என்றேன். உடனே அணைத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

பட்டறையில் ஆளுக்கு ஓர் உருண்டை மண் கொடுத்தார்கள். "மச்சான், வெண்ணையாட்டம் இருக்குது!" என்றான். பதினோரு நிமிடத்தில் செய்து முடித்தான், கடிகாரம் பார்த்தேன். கன்று முட்டிக் குடிக்க, பசு கழுத்தைத் திருப்பி அதன் முதுகை நக்குகிறது. பட்டறையில் இருந்த எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். நானும்தான்.

பிறகு சில்வானா விஷயத்துக்கு வந்தார். அவருடைய ஊர்க் கோயிலில் கிறிஸ்துமஸ் குடில் பிரசித்தம். பூகம்பத்தில் பொம்மைகள் நொறுங்கிவிட்டன. புதிதாக நாற்பது செய்ய வேண்டும், எல்லாம் கையால். குளிர்காலத்தில் மூன்று மாதம் தங்க ஒருவர். ஏ. அல்லது போர்ச்சுகல் பெண். பயணம் முடிந்த பிறகு முடிவு.

தமிழில் சொன்னேன். "மூணு மாசமா? அச்சே இல்லாமலா?" மூன்று தடவை கேட்டான். அறைக்கு வந்த பிறகும் அதே பேச்சு. "முந்நூறு புள்ளையாரு அச்சுல ஊத்துறேன் மச்சான், ஒரு வாரத்துக்கு. ஒண்ணுத்துக்குக்கூட மூஞ்சி என்னுது இல்ல. இது மட்டும் கெடைச்சா போதும்."

நாற்பத்தொரு பக்கக் குறிப்பிலிருந்து யாரும் எதுவும் கேட்கவில்லை.

மே 12, திங்கள்

மழை விட்டது. த்ரேவி. ஒலிவ மரங்கள், நம்மூர் முந்திரிக்காடு போலக் குட்டையாய், முறுக்கிக்கொண்டு. எண்ணெய் ஆட்டும் இடம். ரொட்டியில் உப்பே இல்லை. பருப்புப் பொடி தூவிச் சாப்பிட்டோம். சில்வானாவும் ஒரு கடி கடித்துவிட்டு இருமினார். ஏ. சிரித்தான், அவரும் சிரித்தார். இரண்டு பேருக்கும் பொது மொழி ஒன்றுமில்லை. காலையிலிருந்து மாலை வரை பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

நகர மதிலில் எந்த வரிசைக் கல் ரோமானியர் காலத்தது என்று நான் காட்டினேன். "ஆமாம், பலகையில் போட்டிருக்கிறது" என்றாள் போர்ச்சுகல் பெண்.

மே 13, செவ்வாய்

ஊர்ப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை.

சில்வானாவின் சொந்த ஊர். நூறு வீடு இருந்தால் அதிகம். பழைய மருந்துக்கடை ஒன்றை ஊர்க்காரர்கள் மூவர் பொறுப்பில் அப்படியே வைத்திருக்கிறார்கள். மர அலமாரிகள். நீல மஞ்சள் ஜாடிகள், வரிசையாக, கண்ணாடி மூடாமல். தொடாதீர்கள் என்று மூன்று மொழியில் அட்டை. ஆங்கிலம் நடுவில்.

சில்வானாவும் போர்ச்சுகல் பெண்ணும் அடுத்த அறையில். இங்கே நானும் ஏ.யும். அவன் கையைக் கட்டிக்கொண்டு, ஒரு ஜாடியின் கைப்பிடி வளைவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் தட்டினேன்.

வேறு எப்படி எழுத? இருபத்தேழு வருடம். தினம் எண்ணூறு இன்சுலேட்டர். விரல் முட்டியால் தட்டு, காதைக் கொடு. கணீர் என்றால் இந்தப் பக்கம், சொத்தென்றால் அந்தப் பக்கம். பீங்கான் கண்ணில் பட்டதும் கை தானாகப் போயிற்று. மூன்றாவது ஜாடி சொத்தென்றது. வாய்ப்பக்கம் பழைய ஒட்டு இருந்திருக்கிறது. உள்ளங்கை அகலத் துண்டு ஒன்று நழுவி, மரப்பலகையில் விழுந்து, தரைக்கு வந்தது.

ஏ. குனிந்து அதை எடுத்தான். அந்த நேரத்தில் சில்வானா வந்தார். துண்டு அவன் கையில்.

"யார்?" என்று கேட்டார். என்னைத்தான் கேட்டார். எனக்குத்தானே மொழி தெரியும்.

நான் ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கலாம். அதுகூட ஒரு மாதிரியான பொய்தான், ஆனால் சின்னது. நான் சொன்னேன்: "மன்னிக்க வேண்டும். அவருக்கு விதிமுறை தெரியாது. படிக்காதவர்." தெளிவான ஆங்கிலம். இலக்கணப் பிழை இல்லை.

ஏ. என் முகத்தைப் பார்த்தான். "என்னா சொல்றாங்க மச்சான்?"

"பழைய ஒட்டு, தானா விட்டுடுச்சுன்னு சொல்லிட்டேன். நீ ஒரு சாரி சொல்லு, போதும்."

துண்டை சில்வானா கையில் வைத்துவிட்டு, கும்பிட்டு, "சாரிம்மா, சாரி" என்றான்.

ஊர்க்காரர்களில் ஒரு கிழவர் வந்து ஜாடியைப் பார்த்தார். திட்டவில்லை. தொப்பியைக் கழற்றினார், திரும்பப் போட்டுக்கொண்டார். திட்டியிருக்கலாம்.

மே 14, புதன். பெவாஞ்ஞா, பிறகு ஸ்பெல்லோ

நல்ல வெயில். பெவாஞ்ஞாவில் காகிதம் செய்யும் இடம், மெழுகுத்திரி செய்யும் இடம். எல்லாம் அறுநூறு எழுநூறு வருடத்துக்கு முந்திய முறை.

வாசலில் சில்வானா என்னைத் தனியாக அழைத்து, "அவரைக் கையைப் பின்னால் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், தயவுசெய்து" என்றார். கோபம் இல்லை. தயவு. அதுதான் தாங்க முடியவில்லை.

ஏ.யிடம் சொன்னேன்: "கூட்டமா இருக்குது. பர்ஸ் போயிடும். கைய பின்னாடியே வெச்சுக்க."

நாள் முழுக்க இரண்டு கையாலும் பின் பாக்கெட்டைப் பொத்திக்கொண்டு நடந்தான். ஸ்பெல்லோவில் சந்துக்குச் சந்து பூத்தொட்டி. ஒரு கிழவி பூ நீட்டினாள். அதை வாங்கக்கூடக் கையை எடுக்கவில்லை. தலையை ஆட்டிச் சிரித்தான். "ஒருத்தனும் திருடனாட்டம் தெரியலியே மச்சான்" என்றான்.

இன்று சில்வானா என்னோடுதான் நடந்தார். வாசல் வளைவு யார் காலத்தது, ஓவியத்தில் யார் யார். என் குறிப்புகளைக் கேட்டார். "நன்றாகப் படித்திருக்கிறீர்கள்" என்றார். இருபது நிமிடம் பேசினேன். சந்தோஷமாக இருந்தது. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்: சந்தோஷமாக இருந்தது.

மே 16, வெள்ளி

மேட்டு நிலம். காஸ்தெல்லூச்சோ. பூகம்பத்தில் ஊரே சரிந்த இடம். கம்பிவேலி, சாரம், பாதிச் சுவர். கீழே கடல் மாதிரிப் பருப்பு வயல். மைசூர்ப் பருப்புச் செடி என்றதும் ஏ.க்கு ஆச்சரியம். "சாம்பார் வெக்கிறாங்களான்னு கேளுங்க மச்சான்." கேட்டேன். சூப் வைக்கிறார்களாம். "பாவம்" என்றான்.

சில்வானாவிடம் இன்று சொல்லிவிடுவது என்று வேனில் வாக்கியம் தயாரித்தேன்.

1. அன்றைய விஷயத்தில் ஒரு சிறு திருத்தம். (அலுவலகக் கடிதம் போல.)
2. உண்மையில் நாங்கள் இருவருமே... (பொய்.)
3. நான்.

மூன்றாவது ஒரே சொல். அதைச் சொல்ல ஆங்கிலமே தேவையில்லை, மார்பைத் தொட்டுக் காட்டினால் போதும். இறங்கினோம். காற்று பலமாக அடித்தது. காற்றில் கேட்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மே 18, ஞாயிறு

கடைசி நாள். தெரூத்தா பட்டறை மறுபடி. போர்ச்சுகல் பெண்ணுக்கு மண் கொடுத்தார்கள். ஏ.க்கு நாற்காலி போட்டார்கள். அவன் உட்காரவில்லை. அவள் பக்கத்தில் போய் நின்று, அவள் செய்த ஆட்டின் பின்னங்கால் சாய்வதைப் பார்த்து, தொடாமல், காற்றிலேயே விரலால் வளைத்துக் காட்டினான். அவளும் அப்படியே திருத்திக்கொண்டாள். ஆடு நின்றது.

மே 21, புதன். விருத்தாசலம்

ரயில் இறங்கும்போதே அனல். ஜங்ஷன் வாசலில் தனம், ஏ.யின் அக்கம்பக்கத்தார், பொம்மை யூனிட்டில் கூட வேலை செய்பவர்கள். மாலையில் அவர்கள் வீட்டில் கூட்டம். சாக்லேட் விநியோகம். நான் ஓர் ஓரத்தில்.

ஏ. கதை சொல்ல ஆரம்பித்தான். உப்பில்லாத ரொட்டி, பருப்புப் பொடிக்கு இருமிய அம்மா, எல்லாவற்றையும் நடித்துக் காட்டினான். பிறகு ஜாடி.

"பழைய மருந்துக் கட. ஜாடி ஒவ்வொண்ணும் இம்மாம் அழகு. நம்ம கைதான் சும்மா இருக்காதே! லேசா தொட்டேன்டா. டப்புன்னுச்சு. அந்தம்மா என்னைப் பாத்த பார்வை இருக்குதே... சாரி சாரின்னு சொல்லிட்டு ஓடியாந்துட்டேன்."

சிரிப்பு. "அதான, நீ போன எடம் வெளங்குமா!" என்றான் ஒருவன். "இத்தாலிக்காரன் ஜாடியவே ஒடைச்சுட்டு வந்திருக்கான்யா!"

தனம், "ஒரு வூட்டுக்குப் போனா கைய கால வெச்சிக்கிட்டு சும்மா இருக்கத் தெரியுதா ஒனக்கு?" என்று அவன் முதுகில் ஒன்று வைத்தாள். அவன் எல்லோர் முகத்தையும் பார்த்துச் சிரித்தான். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

காபி ஆறிவிட்டது. குடித்தேன்.

ஜூன் 3, செவ்வாய்

புழுக்கம். கம்பெனியில் இன்று ஒரு டிரே முழுக்கச் சொத்தைச் சரக்கு. நான் தட்டத் தட்ட, பக்கத்தில் எழுதிக்கொள்பவர் என்னைப் பார்த்தார். "என்னா சார், ஒரே பீஸ நாலு தடவ தட்டுறீங்க?"

ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தால், டீக்கடையில் ஏ. "மச்சான், அந்தம்மாகிட்டேர்ந்து மெயில் வந்திருக்குது. என்னா போட்டிருக்காங்கன்னு படிங்க."

படித்தேன். சுருக்கம்: ஏழுமலையின் கைத்திறனை எங்களில் யாரும் மறக்க மாட்டோம். ஆனால் குடில் வேலை நடக்கும் இடம் அந்த மருந்துக்கடையை ஒட்டியது. அன்று நடந்ததற்குப் பிறகு ஊர்ப் பொறுப்பாளர்கள் தயங்குகிறார்கள். ஆகவே போர்ச்சுகல் பெண்ணை அழைத்திருக்கிறோம். மிகவும் வருந்துகிறோம்.

"இந்த வருஷம் வேற ஆள போட்டுட்டாங்களாம்" என்றேன்.

"ஏன்னு எதுனா போட்டிருக்குதா?"

"காரணம்லாம் போடல. பொதுவா வருத்தம்னு போட்டிருக்கு."

டீ கிளாஸைக் கீழே வைத்தான். ஃபோனை வாங்கிக்கொண்டான். கொஞ்ச நேரம் திரையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஃபோனு வேற மாதிரி படிச்சுது மச்சான்."

காலையிலேயே ஆப்பில் போட்டுக் கேட்டிருக்கிறான்.

அவனே பேசினான். குரலை உயர்த்தவில்லை. "ஜாடிய நீங்க தட்டினது பக்கத்துல நின்னவனுக்குத் தெரியாதா? அந்தம்மா மூஞ்சியப் பாத்ததுமே என் பேரச் சொல்லிட்டீங்கன்னும் தெரிஞ்சுபோச்சு. சரி, பெரியவரு, வெளியூருல அசிங்கப்படக் கூடாதுன்னுட்டு வுட்டேன். இங்க வந்தும் யாரும் ஒங்களக் கேட்டுடக் கூடாதுன்னுதான் நானே சொல்லிக்கிட்டேன். இப்ப இந்த மெயிலையாவது உள்ளத உள்ளபடி படிப்பீங்கன்னு நெனைச்சேன்."

எழுந்தான். "போயிட்டு வரேன் மச்சான்." மரியாதை குறையாமல்தான் சொன்னான்.

ஜூன் 4, புதன்

லீவு. காரணம்: உடம்பு சரியில்லை. அதுவும் பொய்.

காலை பத்து மணிக்கு சில்வானாவுக்கு எழுதி அனுப்பினேன். ஜாடியைத் தட்டியது நான். ஏழுமலை கீழே விழுந்த துண்டை எடுத்துக் கொடுத்தவர் மட்டுமே. அவர் எதையும் தொடவில்லை. பழியை அவர்மேல் போட்டவனும் நான். ஊர்ப் பொறுப்பாளர்களுக்கு இதைப் படித்துக் காட்டவும்.

ஏழு வரி. நாலு மணி நேரம்.

"படிக்காதவர்" என்று சொன்னதைப் பற்றி ஒரு வரி எழுதி, அழித்துவிட்டேன். அது சில்வானாவுக்கு மறந்திருக்கும் என்று நினைத்தேன். எனக்கு வேண்டியபடி நினைத்துக்கொள்வதில் நான் கெட்டிக்காரன்.

ஜூன் 7, சனி. பக்ரீத்

தெருவில் பிரியாணி வாசனை. எதிர்வீட்டு பாய் கொடுத்தனுப்பினார். சாப்பிட முடியவில்லை, மூடி வைத்தேன்.

சில்வானாவின் பதில். நான்கு வரி. எழுதியதற்கு நன்றி. கிழவரிடம் சொன்னேன், ஏழுமலையிடம் தன் சார்பில் மன்னிப்புக் கேட்கச் சொன்னார், அவர் கும்பிட்டதை மறக்கவில்லையாம். போர்ச்சுகல் பெண் தன் ஊர் வேலையை விட்டுவிட்டு இங்கே வர ஏற்பாடு செய்துவிட்டாள். இனி அவளை வராதே என்று சொல்ல இயலாது. குடிலுக்குப் புதுப் பொம்மைகள் இனி பத்து வருடம் கழித்துத்தான்.

எனக்கு ஒரு வார்த்தை கண்டனம் இல்லை. என் பெயரே கடிதத்தில் இல்லை.

பத்து வருடம். ஏ.க்கு இப்போதே நாற்பத்திரண்டு.

அவனிடம் போய், முழுவதும், ஒரு சொல் விடாமல், தமிழில் படித்துக் காட்டினேன். யூனிட்டில் அச்சைப் பிரித்துக்கொண்டிருந்தான். கையைத் துடைக்காமல் கேட்டான். கிழவர் மன்னிப்புக் கேட்ட இடத்தில் மட்டும், "அந்த வரிய இன்னொருவாட்டி படிங்க" என்றான். படித்தேன். பிறகு, "எனக்குச் சொல்லிட்டீங்க, சரி. தனத்துக்கிட்ட ஒரு வார்த்த சொல்லிடுங்க மச்சான். தெனம் சொல்லிக் காட்டுது" என்று அடுத்த பிள்ளையாரை அச்சிலிருந்து எடுத்தான்.

ஜூன் 8, ஞாயிறு

காலையில் மேகமூட்டம். மழை இல்லை.

எட்டு மணிக்கு அவர்கள் வீடு. ஏ. பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்தான், தண்ணீர் ஊற்றும் சத்தம். தனம் அடுப்பில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். சமையலறை வாசலில் நின்றபடியே சொன்னேன். ஜாடியைத் தட்டியது நான்தான் என்று.

அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"தெரியும்ண்ணா. அவரு கத சொன்ன அன்னிக்கே தெரியும். அவரு எந்தச் சாமானையும் தட்டிப் பாக்க மாட்டாரு. கண்ணால பாத்தே எங்க விரிஞ்சிருக்குதுன்னு சொல்லிடுவாரு. தட்டிப் பாக்குறது நீதான்."

"அப்புறம் ஏன் அவனத் திட்டின?"

"ஒனக்கு ஒரைக்குதான்னு பாத்தேன்."

இன்னொரு கரண்டி மாவு. அதைப் பரப்பிக்கொண்டே கேட்டாள்: "அந்தம்மாகிட்ட அவரப் பத்தி என்னா சொன்ன?"

விதிமுறை தெரியாதவர் என்றேன். அவள் காத்திருந்தாள். படிக்காதவர் என்று சொன்னேன், என்றேன்.

அடுப்பை அணைத்தாள்.

"இதச் சொல்ல இத்தாலி வரைக்கும் போனியா? பதினாலு வருஷமா இங்கயே அதத்தான சொல்லிட்டு இருக்குற."

பின்கட்டில் தண்ணீர்ச் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை.